பிடித்த இண்டி பேண்டை நேரில் கேட்க: வடசென்னையிலிருந்து போய்த் திரும்ப முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு நேரில் பாட்டுக் கேட்பது புதிய சங்கதி இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றிய அன்று ராத்திரி தெருவை மறித்து மேடை போட்டு லைட் மியூசிக் நடக்கும், சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவார்கள், கல்யாண ஊர்வலத்தில் பேண்ட் செட் முன்னால் ஆடாத ஆள் நம் பக்கத்தில் கிடையாது. ஆனால் சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, கிடாரும் டிரம்ஸுமாகப் பாடும் ஒரு இண்டி பேண்ட், போனில் நாள் முழுக்க நாம் கேட்கிற பேண்ட், நம் ஊரிலேயே மேடை ஏறுகிறது என்று தெரிந்தும் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் இங்கே நிறைய. நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்று தெரிவதே கடைசி நேரத்தில்தான், தெரிந்தாலும் அது நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும், ராத்திரி எப்படித் திரும்புவது என்ற கவலை வேறு. இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நம் தெருவின் சத்தத்தையும் ராக்கையும் ஒரே மேடையில் வைத்த பேண்ட். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கம் பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி நடந்தது. மேடையில் பத்தொன்பது பேர். எலெக்ட்ரிக் கிடார், பேஸ், டிரம்ஸ் ஒரு பக்கம், பறை, சட்டி, கட்டை, டோலக் என்று நம் தெருத் தாளவாத்தியங்கள் இன்னொரு பக்கம், நடுவில் கானா பாடகர்களும் ராப் பாடகர்களும். அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருஷத்துக்கு முன் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்துதான் பேண்டுக்குப் பெயர் வந்தது. அந்த மேடையில் பாடிய ராயபுரத்துப் பெண் இசைவாணியை 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. உங்களுக்குப் பிடித்தது இந்த பேண்டாக இல்லாமல் ஜடாயுவாகவோ ஸ்க்ராட்டாகவோ தி எஃப்16ஸாகவோ இருக்கலாம், எதுவானாலும் போகிற வழி ஒன்றுதான்.

நிகழ்ச்சி எங்கே என்று முதலில் தெரிந்தாக வேண்டும்

இண்டி பேண்டுக்குச் சினிமாக் கச்சேரி மாதிரி பெரிய பேனர் கிடையாது. பேண்டின் இன்ஸ்டாகிராம் பக்கம்தான் போஸ்டர், அதைத் தொடர்ந்தால் மட்டும் போதாது, அறிவிப்பு மணியையும் அழுத்தி வையுங்கள். அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு: பேண்டில் வாசிக்கிற ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தொடருங்கள். கிடார் வாசிப்பவர் வேறு இரண்டு குழுக்களிலும் இருப்பார், டிரம்ஸ்காரர் மூன்றில் இருப்பார், பேண்ட் பக்கத்தில் வராத சின்ன நிகழ்ச்சிகள் இவர்கள் ஸ்டோரியில்தான் வரும். புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் இரண்டு செயலிகளிலும் ஊரைச் சென்னை என்று வைத்து இசைப் பிரிவை வாரம் ஒருமுறை பார்த்தால் மீதியும் கிடைத்துவிடும்.

வருஷத்தில் சில காலங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் சபாக்களில் கர்நாடக சங்கீதம் நடக்கும் அதே சீசனில், கானா, பறை, ஒப்பாரி, ராப் எல்லாவற்றுக்கும் மேடை தர 2020இல் நீலம் தொடங்கியது மார்கழியில் மக்களிசை. ஜனவரியில் பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமம் நகரத்தின் பல பூங்காக்களிலும் மைதானங்களிலும் நடக்கும். அது பெரும்பாலும் நாட்டுப்புறக் கலைதான், ஆனால் பறையைப் பக்கத்தில் நின்று கேட்டுப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது, அதுவும் இலவசமாக. அதே மாதம் ஐஐடி சாரங் விழாவில் ராக் கச்சேரி உண்டு. ஜூன் 21 உலக இசை நாள், அதை ஒட்டி நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம் ஒரு கண் வையுங்கள், புது பேண்டுகள் பல அங்கேதான் முதலில் காதில் விழும்.

இடத்தைப் பொறுத்து எல்லாமே மாறும். எழும்பூர் மியூசியம் தியேட்டர், சேத்துப்பட்டு சர் முத்தா ஹால் போன்ற அரங்கங்களில் உட்கார்ந்து கேட்கலாம், நமக்குத் தூரமும் குறைவு. நட்சத்திர ஓட்டல்களில் இருக்கும் பப்களிலும் இண்டி பேண்டுகள் அடிக்கடி வாசிக்கும், ஆனால் தமிழ்நாட்டில் மது அருந்தும் வயது 21 என்பதால் அதற்குக் கீழ் உள்ளவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், டிக்கெட் வாங்கும் முன் வயது வரம்பைப் படியுங்கள். திறந்தவெளி மைதானம் என்றால் நின்றுகொண்டே கேட்க வேண்டியிருக்கும். இந்தப் பேண்டுகளைக் கேட்க எனக்கு மைதானம்தான் பிடிக்கும், நாற்காலியில் உட்கார்ந்து பறையைக் கேட்பது உடம்புக்குச் செய்கிற துரோகம்.

டிக்கெட்

பல நிகழ்ச்சிகளுக்கு நுழைவு இலவசமாக இருக்கும், ஆனால் இலவசம் என்றாலும் முன்பதிவு கேட்பார்கள், பதிவு முடிந்துவிட்டால் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதுதான். காசு கொடுத்து வாங்குவதென்றால் முதலில் விற்கும் எர்லி பேர்ட் டிக்கெட்டுக்கும் கடைசி நாள் டிக்கெட்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும், அதற்கு மேல் செயலியின் கட்டணமும் வரியும் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும், அதையும் கூட்டிக்கொண்டு கணக்குப் போடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது டிக்கெட் இருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் காசு அனுப்பாதீர்கள். க்யூஆர் கோடை ஒருமுறைதான் ஸ்கேன் செய்ய முடியும், அதே படத்தை நாலு பேருக்கு விற்றிருந்தால் முதலில் வந்தவர் மட்டும் உள்ளே போவார். செயலி வழியாகவே உங்கள் கணக்குக்கு மாற்றித் தருகிறேன் என்றால் சரி, வாங்கலாம்.

டிக்கெட் வாங்கும் முன்பே திரும்பும் வழி

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். வீட்டில் முதலில் வரும் கேள்வியும் இதுதான். "இன்னாடா, பாட்டு கேக்க அம்மாந்தூரம் போணுமா? எத்தினி மணிக்கு வருவ?" என்று அம்மா கேட்கும்போது, "வந்துடுவேம்மா" என்று இழுத்தால் அனுமதி கிடைக்காது. "பத்து மணிக்கு முடியும், பத்தேகாலுக்கு மெட்ரோ, பதினோரு மணிக்குத் தண்டையார்பேட்டை ஸ்டேஷன், அண்ணன் வந்து நிப்பான்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும்.

பத்து மணி என்று எப்படி உறுதியாகச் சொல்வது? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. வருஷத்தில் அதிகபட்சம் 15 நாட்களுக்கு மட்டும், விழாக் காலங்களில், நள்ளிரவு வரை அரசு தளர்வு கொடுக்கலாம். அதனால் சென்னையில் மைதானக் கச்சேரிகள் பத்து மணியை ஒட்டி முடிந்துவிடும், போலீஸ்காரர் மேடைப் பக்கம் வந்து கையைக் காட்டினால் பேண்ட் கடைசிப் பாட்டுக்குப் போய்விடும். இதில் நமக்கு இன்னொரு செய்தியும் இருக்கிறது: கடைசியில் நேரத்தை நீட்ட முடியாது என்பதால் லேட்டாகப் போனால் இழப்பு முழுக்க நமக்குத்தான்.

அடுத்தது வண்டி. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு அப்பால் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை ஆட்களுக்கு நந்தனமும் கிண்டியும் ஒரே வண்டியில் போய் வரும் இடங்களாகிவிட்டன. எழும்பூர், கீழ்ப்பாக்கம் பக்கம் நிகழ்ச்சி என்றால் சென்ட்ரலில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனை வைத்து மெட்ரோ செயலியில் பாருங்கள், உங்கள் ஸ்டேஷனை வைத்துப் பார்த்தால் தப்பான நேரம் மனதில் பதிந்துவிடும். பெரிய கச்சேரிகளுக்குச் சில சமயம் டிக்கெட்டோடு மெட்ரோ பயணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், விடாமல் படியுங்கள்.

பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு ஆட்களுக்கு மெட்ரோ இன்னும் கைக்கு எட்டவில்லை. மாதவரத்திலிருந்து வரும் இரண்டாம் கட்டப் பாதை பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் என்று போகிறது, அது ஓட ஆரம்பித்தால் கச்சேரி நடக்கும் இடங்களில் பாதி நம் வாசலுக்கு வந்துவிடும். அதுவரை 29சி பஸ்தான் துணை. பெரம்பூரில் ஏறினால் நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு என்று நமக்கு வேண்டிய இடத்தையெல்லாம் தொட்டுக்கொண்டு போகும், சாதாரணக் கட்டணப் பஸ்ஸாக வந்தால் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. திரும்பும்போது பஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம். எப்படியாவது சென்ட்ரல் வந்துவிடுங்கள், மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் வியாசர்பாடி ஜீவாவும் பெரம்பூரும் பத்துப் பதினைந்து நிமிஷம். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்றால் கும்மிடிப்பூண்டி வண்டி.

ஆட்டோ பற்றியும் சொல்லிவிடுகிறேன். கச்சேரி முடிந்த வாசலில் நின்று ஆப்பில் வண்டி போட்டால் விலை இரண்டு மடங்கு காட்டும், அதுவும் வியாசர்பாடி என்று பார்த்ததும் ரத்து செய்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது கோபம் வரவேண்டிய விஷயம்தான், எனக்கும் வந்திருக்கிறது, ஆனால் பத்தரை மணிக்கு ரோட்டில் நின்று கோபப்பட்டு வீடு போய்ச் சேர முடியாது. பத்து நிமிஷம் மெயின் ரோடு வரை நடந்து, அங்கிருந்து சென்ட்ரலுக்கு வண்டி போடுங்கள், சென்ட்ரலுக்கு எல்லோரும் வருவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதை திறந்திருக்கிறதா என்றும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், தண்ணீர் நின்றால் மூடிவிடுவார்கள், சுற்றிக்கொண்டு போக அரை மணி நேரம் கூட ஆகும்.

காதைத் தயார் செய்தல்

போவதற்கு முந்தின வாரம் பேண்டின் பாட்டுகளை ஹெட்போனில் கேளுங்கள், ஆனால் பாடகரை விட்டுவிட்டு. ஒருமுறை பேஸ் கிடாரை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை சட்டி எங்கே விழுகிறது, டிரம்ஸின் கிக் எங்கே விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டும் ஒன்றாக விழாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும் இடம் ஒன்று வரும், அங்கேதான் பாட்டு உங்களை ஆட வைக்கிறது. இப்படிப் பழகியவருக்கு நேரில் போகும்போது மேடையில் யாரைப் பார்ப்பது என்று தெரிந்திருக்கும். பாட்டு வரிகளைப் படித்துவிட்டுப் போவதும் நல்லது, ஏனென்றால் இந்தப் பாட்டுகளில் வரிக்கு மதிப்பு அதிகம், மைதானத்தில் பாதி வார்த்தைகள் காற்றில் போய்விடும்.

இன்னொரு தயாரிப்பு மெடிக்கல் ஷாப்பில். ஃபோம் இயர்பிளக் ஒரு ஜோடி வாங்குங்கள். 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் வெறும் பதினைந்து நிமிஷம். ராக் கச்சேரியில் 100 டெசிபல் சாதாரணம். பிளக்கை விரலில் உருட்டி மெல்லியதாக்கி, இன்னொரு கையால் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துக்கொண்டு உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். வைத்தால் பாட்டுக் கேட்காது என்று நினைக்காதீர்கள், இரைச்சல் அடங்கி வார்த்தைகள் தெளிவாகும். பசங்க சிரிப்பார்கள், சிரிக்கட்டும், காது திரும்ப வராது.

கிளம்பும் நாள்

மூடிய ஷூ போடுங்கள், கூட்டத்தில் செருப்பு நிற்காது. பருத்திச் சட்டை. பெரிய பை வேண்டாம், வாசலில் வைக்கச் சொன்னால் திரும்ப எடுக்கும் வரிசையில் மெட்ரோ போய்விடும். தண்ணீர் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள், அதனால் வாசலில் குடித்துவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் குடை எடுத்தால் பின்னால் இருப்பவருக்கு மேடை மறையும், மடித்து வைக்கும் ரெயின்கோட் போதும். போனில் முழு சார்ஜ், டிக்கெட் ஸ்கிரீன்ஷாட், அடையாள அட்டை. உள்ளே சாப்பாடு விலை அதிகம், கிளம்பும் முன் வியாசர்பாடியில் ஒரு தட்டு அத்தோவோ (பர்மா நூடுல்ஸ்) வீட்டில் நாலு இட்லியோ, வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். அறிவிப்பில் ஆறு மணி என்றால் நீங்கள் பார்க்கப் போகிற பேண்ட் ஏழரைக்குத்தான் ஏறும், ஆனாலும் போங்கள். முதலில் ஏறுகிற பெயர் தெரியாத பேண்டைப் பத்துப் பேர் நின்று கேட்டால்தான் அது அடுத்த வருஷம் இருக்கும்.

சீக்கிரம் போனால் கிடைக்கிற இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பறை இருக்கிற பேண்ட் என்றால் மேடைக்குப் பக்கவாட்டில் எங்கேயாவது பழைய பேப்பரைக் கொளுத்திச் சின்னதாக ஒரு நெருப்பு எரியும். அதைச் சுற்றி நாலு பேர் பறையை நெருப்புக்கு மேலே காட்டிக் காட்டித் திருப்புவார்கள். சூடு ஏற ஏறத் தோல் இறுகும், நடுவில் விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார்கள், மறுபடி நெருப்பு. முதலில் தொப் தொப் என்றிருந்தது கொஞ்ச நேரத்தில் கணீர் என்று மாறும். கிடார்காரர் ட்யூனரைக் காலால் மிதித்து சுருதி சேர்க்கிற அதே நேரத்தில் பக்கத்தில் இவர்கள் நெருப்பில் சுருதி சேர்க்கிறார்கள். வலது கையில் கட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, இரண்டும் தோலைத் தொடுகிற விதமே வேறு. இதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அப்புறம் பாட்டைக் கேட்பதே வேறு மாதிரி இருக்கும். இரவு ஏறிப் பனி விழுந்தால் தோல் தளர்ந்துவிடும், அதனால் பாட்டுகளுக்கு நடுவில் பறைக்காரர் மேடையை விட்டு இறங்கினால் மறுபடி காய்ச்சப் போகிறார் என்று அர்த்தம், பொறுமையாக இருங்கள்.

எங்கே நிற்பது

எல்லோரும் முதல் வரிசைக்கு ஓடுவார்கள். முகம் பார்க்க அது நல்ல இடம், பாட்டுக் கேட்க மோசமான இடம். அங்கே சப்வூஃபர் நெஞ்சை அடிக்கும், பாடகரின் குரலோ தலைக்கு மேலே போய்விடும். கூட்டத்துக்கு நடுவில், மேடைக்கு எதிரே, சவுண்ட் இன்ஜினியர் ஒரு தடுப்புக்குள் மிக்சரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் அமைக்கிறார், அதனால் அவருக்கு முன்னாலோ பக்கத்திலோ நில்லுங்கள். ரொம்பப் பின்னால் போனால் வேறு பிரச்சினை: ஒலி ஒரு நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால் பறையில் குச்சி விழுவது கண்ணுக்கு முதலில் தெரியும், அடி பிறகுதான் கேட்கும். ஆடும்போது அது குழப்பும்.

முதல் இரண்டு பாட்டு முன்னால் நின்று பார்த்துவிட்டு மெல்லப் பின்னால் வந்துவிடுவது என் பழக்கம். நண்பர்களோடு போனால் பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று உள்ளே நுழையும்போதே ஒரு இடம் சொல்லிவையுங்கள், கூட்டத்தில் போன் சிக்னல் கிடைக்காது. பெண்கள் தனியாகப் போனாலும் தடுப்புக் கம்பி ஓரமோ சவுண்ட் மேடைப் பக்கமோ நின்றால் பின்னால் இடிபடும் தொல்லை குறையும். யாராவது அத்துமீறினால் சத்தமாகச் சொல்லுங்கள், வாலண்டியரைக் கூப்பிடுங்கள், அதற்கு மேல் 1091 அல்லது 112. பக்கத்தில் நிற்கிற பையன்களுக்கும் ஒன்று: அந்தக் குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகாமல் கூட நில்லுங்கள்.

மேடையைப் பார்த்து சினிமாப் பாட்டுக் கேட்டுக் கத்தாதீர்கள். நம் தெரு ஆர்கெஸ்ட்ராவில் சீட்டு எழுதிக் கொடுத்தால் பாடுவார்கள், அது அந்த மேடையின் அழகு. இங்கே அவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதைப் பாட வந்திருக்கிறார்கள். போனில் ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள், அப்புறம் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள். கை தட்டுவது, கூடப் பாடுவது, விசில், ஆட்டம் எல்லாம் தாராளமாக. கானா வரும் இடத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவர் இறங்கி ஆட ஆரம்பித்தால் சுற்றி வட்டம் தானாகப் போட்டுவிடுவார்கள். உள்ளே நம்மை எப்படிப் பார்ப்பார்களோ என்று தயங்குபவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன், அந்தத் தாளத்துக்கு எப்படி ஆட வேண்டும் என்று அங்கே உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள்.

முடிந்த பிறகு

கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலுக்கு முண்டுவார்கள். மெட்ரோவுக்கு நேரம் இருந்தால் பத்து நிமிஷம் உள்ளேயே இருங்கள். மேடையில் வயர் சுருட்டிக்கொண்டிருக்கும்போது கலைஞர்களிடம் பேசலாம். சூப்பர் என்று சொல்வதைவிட இந்தப் பாட்டில் இந்த இடம் பிடித்தது என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். பேண்ட் டிஷர்ட் விற்றால், கையில் காசு இருந்தால், ஒன்று வாங்குங்கள், பாட்டை ஆயிரம் தடவை ஓடவிட்டாலும் ஸ்ட்ரீமிங்கில் அவர்களுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். காதில் ரீங்காரம் இருந்தால் அன்று ராத்திரி ஹெட்போன் வேண்டாம், இரண்டு நாளாகியும் போகாவிட்டால் காது டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம், அந்தப் பேச்சோடு பேச்சாக, எங்கள் பக்கம் எப்போது வருவீர்கள் என்றும் கேளுங்கள். கானாவும் சட்டியும் இங்கிருந்து போனவை, அதைக் கேட்க நாம் ஏன் ஒவ்வொரு தடவையும் பாலம் தாண்டிப் போக வேண்டும்? கேட்பதோடு விடாமல் தெருப் பசங்களும் ஃபுட்பால் கிளப்பும் சேர்ந்தால் நடத்தியும் விடலாம். மாநகராட்சி விளையாட்டு மைதானம் என்றால் மண்டல அலுவலகத்தில் அனுமதி, ஒலிபெருக்கிக்குக் காவல் துறையின் எழுத்து அனுமதி, இரண்டுக்கும் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஜெனரேட்டர், மேடை, சவுண்ட் இதெல்லாம் ஆடித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாம் பிடிக்கிற ஆட்கள்தான், ஆனால் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிடாரும் வரும் என்று சவுண்ட்காரரிடம் முதலிலேயே சொல்லி, பேண்ட் அனுப்பும் சாமான் பட்டியலை அவர் கையில் கொடுத்து, மைக் எத்தனை, மானிட்டர் ஸ்பீக்கர் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பேண்டுக்கான சம்பளத்தையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள், நம்ம ஊருதானே என்று சும்மா பாடச் சொல்லக் கூடாது.